சிறுத்தை துரத்திய குவாரி: ஒரே இங்கிலீஷ் வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்தான்?

தென்பெண்ணைக்காரி, காவேரிப்பட்டணம்
ஞாயிறு, மாலை 6.40

வீட்டுத் திண்ணையில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் பதினோரு பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வாரம் நானே ஒரு பத்தி எழுதிக் கொடுத்து, தமிழில் சொல்லச் சொன்னேன். சிறுத்தை ஒன்று சத்தமில்லாமல் தன் 'குவாரி'யின் பின்னால் ஓடியது என்று அதில் ஒரு வரி. இரையின் பின்னால் ஓடியது என்று வர வேண்டும்.

ஒரு பெண் மட்டும், "சிறுத்தை தன் கல்குவாரிக்குப் பின்பக்கமாக ஓடியது" என்று எழுதியிருந்தாள். அவள் அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவர். தப்பு என்றேன். விடவில்லை. "இல்ல மிஸ், மூடிப்போட்ட குவாரியிலதான் சிறுத்தை வந்து தங்கும்னு அப்பா சொல்லியிருக்காரு. அதனாலதான் 'தன் குவாரி'ன்னு போட்டிருக்கீங்க" என்கிறாள். எனக்கே ஒரு நிமிடம் அவள் சொல்வதுதான் சரியோ என்று தோன்றிவிட்டது.

அகராதியைக் காட்டினால் 1, 2, 3 என்று அர்த்தம் போட்டிருக்கிறது. பிள்ளைகள் அதையும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். திங்கட்கிழமை படித்தது புதன்கிழமை இல்லை. இப்படிப் பல அர்த்தம் உள்ள சாதாரண வார்த்தைகளை எளிமையாகச் சொல்லிக்கொடுக்க உங்களிடம் வழி இருக்கிறதா?


பழைய வாத்தியார், தர்மபுரி
ஞாயிறு, இரவு 8.15

அம்மா, அந்தப் பெண்ணுக்கு நான் முழு மார்க் போட்டிருப்பேன். காரணம் யோசித்துச் சொல்லியிருக்கிறாள்.

முப்பது வருடம் இங்கிலீஷ் எடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது ஒரே வார்த்தையா, ஒரே சட்டை போட்ட இரண்டு பேரா என்பதுதான். குவாரி இரண்டு பேர். கல்குவாரி லத்தீனில் 'சதுரம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கல்லைச் சதுரமாக வெட்டி எடுக்கும் இடம். இரை என்ற குவாரி பழைய பிரெஞ்சு வேட்டைக்காரர்களின் சொல். வேட்டை முடிந்ததும் நாய்களுக்குப் பங்காகப் போடும் குடல், ஈரல் முதலியவைக்கு அந்தப் பெயர். பிறகு துரத்தப்படும் விலங்குக்கே பெயராகிவிட்டது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இப்படிப்பட்டதில் சம்பந்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், "இவர் வேறு, அவர் வேறு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். விளக்கு 'லைட்'டும் கனமில்லாத 'லைட்'டும் அப்படித்தான். தேதி என்ற 'டேட்', லத்தீனில் 'கொடுக்கப்பட்டது' என்ற சொல்லின் வழி வந்தது. கடிதத்தில் "இன்ன நாளில் கொடுக்கப்பட்டது" என்று எழுதுவார்கள். நம் அரியாகுளம் தோட்டத்தில் காய்க்கிற பேரீச்சை 'டேட்', கிரேக்கத்தில் விரல் என்ற சொல்லின் வழி வந்தது.

ஒரே ஆள் பல வேஷம் போடுவது இன்னொரு வகை. அங்கேதான் வாத்தியாருக்கு வேலை. 'சார்ஜ்' எடுத்துக்கொள்ளுங்கள். போனுக்குச் சார்ஜ் போடுகிறோம். பஸ் சார்ஜ் ஏறிவிட்டது என்கிறோம். புது தாசில்தார் சார்ஜ் எடுத்தார். போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டது. அரசு ஊழியருக்கு 17 பி சார்ஜ் மெமோ வந்தது. நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இவ்வளவையும் பேசுகிறார்கள், யாரும் குழம்புவதில்லை. வேர் என்ன? லத்தீனில் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் சார்ஜின் முதல் அர்த்தம். பேட்டரியில் மின்சாரத்தை ஏற்று, பயணியின் தலையில் காசை ஏற்று, அதிகாரி தோளில் பொறுப்பை ஏற்று, குற்றவாளி தலையில் பழியை ஏற்று. 'கார்', 'கார்கோ' எல்லாம் அதே வண்டியில் வந்தவைதான். லத்தி சார்ஜுக்கு மட்டும் இந்தக் கயிறு கொஞ்சம் இழுபடும், அதை விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு 'ஏற்று' என்ற ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். மீதியை அவர்களே சொல்வார்கள்.


ராயக்கோட்டை தக்காளி
ஞாயிறு, இரவு 8.31

வாத்தியாரே, சம்பள நாளில் என் போன் மட்டும்தான் ஃபுல் சார்ஜ். நான் எப்பவும் லோ பேட்டரி.


ஷிப்ட் முடிஞ்சுது, ஓசூர்
ஞாயிறு, இரவு 11.50

பி ஷிப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன். அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளைகளை விடுங்கள், ஐடிஐ முடித்துவிட்டு வருகிற பசங்கள் படும் பாடு தனி.

எங்கள் கம்பெனிக்குப் போன வருடம் ஒரு தம்பி வந்தான், ஊத்தங்கரைப் பக்கம். முதல் நாளே சூப்பர்வைசர், "நேரா பெயிண்ட் ஷாப்புக்குப் போய் ரிப்போர்ட் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பி கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்த பெயிண்ட் கடையில் போய் நின்று, "கம்பெனியில அனுப்புனாங்க" என்றிருக்கிறான். கடைக்காரர் அவனை உட்கார வைத்து, "எத்தனை லிட்டர்?" என்று கேட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தோம். தொழிற்சாலையில் ஷாப் என்றால் வேலை நடக்கும் கொட்டகை. பெயிண்ட் ஷாப், பிரஸ் ஷாப், மெஷின் ஷாப். யாரும் எதையும் விற்பதில்லை.

அதைவிட மோசம் 'ஜாப்'. மெஷினில் மாட்டிக் கடையும் இரும்புத் துண்டைத்தான் நாங்கள் ஜாப் என்போம். அதே தம்பி ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு ரெண்டு ஜாப் போச்சும்மா" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு பீஸ் ரிஜெக்ட் ஆனதைத்தான் சொன்னான். அம்மா அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டார்கள். "இருந்ததே ஒண்ணுதானடா, அது எப்படிடா ரெண்டு போச்சு?" என்று கேட்டார்களாம்.

'பிளாண்ட்' பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓசூரில் ரோஜாச் செடியும் பிளாண்ட், நான் வேலை பார்க்கிற இடமும் பிளாண்ட். நான் நர்சரியில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றுதான் எங்கள் பாட்டி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை, அதில் அவருக்கு ஒரு மரியாதை தெரிகிறது.


பத்திரக்காரர், கிருஷ்ணகிரி
திங்கள், காலை 7.05

நான் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் மாறினால் நிலமே மாறிவிடும்.

வில்லங்கச் சான்றை இங்கிலீஷில் எடுத்தால் எழுதிக்கொடுத்தவர் பெயருக்கு மேல் 'எக்ஸிக்யூட்டன்ட்' என்று இருக்கும். ஒரு காலேஜ் பையன் தன் தாத்தா எழுதிய பழைய கிரயப் பத்திரத்தின் நகலைப் படித்துவிட்டு முகம் வெளுத்து வந்தான். "ஐயா, இதுல 'எக்ஸிக்யூட்டட்'னு போட்டு தாத்தா பேரும் தேதியும் இருக்கு. தாத்தாவைத் தூக்குல போட்டுட்டாங்களா?" தாத்தா எனக்குத் தெரிந்தவர்தான். அந்தத் தேதிக்கு அப்புறம் இருபது வருடம் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்துவிட்டுத்தான் போனார். எக்ஸிக்யூட் என்றால் ஒரு காரியத்தைக் கடைசி வரை கொண்டுபோய் முடிப்பது. பத்திரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்தாலும் அதுதான், கோர்ட் போட்ட தண்டனையை நிறைவேற்றினாலும் அதுதான். தூக்குத் தண்டனையைப் பற்றியே அதிகம் பேசியதால் ஆளைக் கொல்வது என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டது.

'செட்டில்மெண்ட்' எங்கள் சீமையோடு பிறந்த சொல் என்றே சொல்வேன். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து எங்கள் சீமையான பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும், அலெக்சாண்டர் ரீட் தலைமையில் நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயித்தார்கள். அவருக்கு உதவியாக 1799 வரை இங்கே இருந்தவர்தான் பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் இங்கே விழுந்தது. அந்த வரி நிர்ணயத்துக்குப் பெயர் செட்டில்மெண்ட். இன்றைக்கு அப்பா மகளுக்கு வீட்டை எழுதிவைத்தால் அது செட்டில்மெண்ட் பத்திரம். பங்காளிகள் வழக்கை வாபஸ் வாங்கி ராசியானால் செட்டில்மெண்ட். புது வீட்டுக் கடைக்கால் மண்ணில் இறங்கிச் சுவர் விரிசல் விட்டால் இன்ஜினியர் அதையும் செட்டில்மெண்ட் என்கிறார். ஜனங்கள் போய்க் குடியேறிய ஊரும் அதுவே. வாத்தியார் சொன்ன மாதிரி கயிறு தேடினால், உட்காரும் ஆசனம் என்பதுதான் பழைய அர்த்தம். வரி ஒரு கணக்கில் உட்கார்ந்தது, ஜனம் ஊரில் உட்கார்ந்தது, வீடு மண்ணில் உட்கார்ந்தது. பையன் வேலைக்குப் போய் "செட்டில் ஆயிட்டான்" என்று நாம் சொல்வதும் அந்த உட்காருதல்தான்.

உயில் இன்னொன்று. 'வில்' என்ற இங்கிலீஷ் சொல்தான் நம் வாயில் உயிலாகிவிட்டது. விருப்பம் என்று அர்த்தம். செத்த பிறகும் நடக்க வேண்டிய விருப்பம்.


தொப்பூர் கணவாய்
திங்கள், காலை 9.20

எல்லாம் சரி ஐயா. ஆனால் பரீட்சை ஹாலில் லத்தீன் வண்டி வந்து நிற்குமா?

நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற மூன்றெழுத்து வார்த்தைக்கு மட்டும் சுமார் 430 பொருள் உண்டு. வேரைப் பிடித்துக்கொண்டு அதில் எந்தப் பொருள் இந்த வாக்கியத்தில் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேர் ஏன் என்று சொல்லும். எது என்று சொல்லாது.

எனக்குக் கைகொடுத்தது பக்கத்து வீடு. வார்த்தையைப் பார்க்காமல் அதற்கு முன்னாலும் பின்னாலும் குடியிருக்கிற குட்டி வார்த்தைகளைப் பாருங்கள். 'இன்ட்ரஸ்ட்' பின்னால் 'ஆன்' வந்தால் பெரும்பாலும் வட்டி, கடனின் மேல். 'இன்' வந்தால் ஆர்வம், பாட்டிலோ கிரிக்கெட்டிலோ. 'சார்ஜ்' பின்னால் 'வித்' வந்தால் குற்றச்சாட்டு, 'ஃபார்' வந்தால் கட்டணம், முன்னால் 'இன்' பின்னால் 'ஆஃப்' வந்தால் பொறுப்பு. 'சாங்ஷன்' இன்னும் வேடிக்கை. மேனேஜர் லோன் சாங்ஷன் செய்தால் அனுமதி. ஒரு நாட்டின் 'மீது' பன்மையில் 'சாங்ஷன்ஸ்' போட்டால் தடை. ஒரே வார்த்தை ஒன்றைக் கொடுக்கவும் செய்கிறது, தடுக்கவும் செய்கிறது. பக்கத்து வீட்டை விசாரிக்காமல் உள்ளே போனால் அடிதான்.

தென்பெண்ணை அக்கா, உங்கள் வாக்கியத்திலேயே துப்பு இருந்தது பாருங்கள். கல்குவாரி சிறுத்தையை விட்டு ஓடாது. "பின்னால் ஓடியது" என்றால் முன்னால் ஓடுகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.


தென்பெண்ணைக்காரி
திங்கள், இரவு 9.10

இதைத்தான் நான் அவளிடம் சொன்னேன், தங்கச்சி. "பின்னால்" என்பதைப் பின்பக்கம் என்று எடுத்துக்கொண்டாள்! அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் இரண்டு அர்த்தம். பக்கத்து வீட்டிலேயே இரண்டு பேர் குடியிருந்தால் யாரிடம் விசாரிப்பது?

இன்றைக்கு இரண்டு வழியையும் வைத்து வகுப்பு எடுத்தேன். முதலில் 'ஃபைன்'. பிள்ளைகளுக்கு ஃபைன் என்றால் லேட்டாக வந்தால் பள்ளியில் கட்டுகிற காசு, அப்புறம் "ஹவ் ஆர் யூ"க்குச் சொல்லும் பதில். ஏன் இரண்டும் ஒரே வார்த்தை என்று நான் நேற்று ராத்திரி அகராதியில் தேடிப் படித்துவைத்திருந்தேன். லத்தீனில் 'முடிவு'. காசைக் கட்டி விவகாரத்தை முடிப்பது ஃபைன். வேலைப்பாடு முழுசாக முடிந்து சுத்தமாக இருந்தால் அதுவும் ஃபைன். "அப்ப முடிஞ்சு போச்சுன்னா ஃபைனா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான்.

மாவு பொடியாக இருப்பதும் ஃபைன் என்றேன். ஒரே கூச்சல். "மில்லுல நைஸ்னுதான மிஸ் சொல்வாங்க!" உண்மை. கேழ்வரகு அரைக்கப் போனால், "நைஸா வேணுமா, கொஞ்சம் கொரகொரன்னு இருக்கட்டுமா?" என்பதுதான் மில்காரர் கேள்வி. நைஸ் என்ற சொல்லை நாம் வாங்கி நம் இஷ்டத்துக்கு வளர்த்துவிட்டோம். மாவு நைஸ். வேலை வந்ததும் நைஸாக நழுவிவிட்டான். காரியம் ஆகணும் என்றால் வந்து நைஸ் பண்ணுவான். இதெல்லாம் வெள்ளைக்காரனுக்கே தெரியாது.

அப்புறம் 'பவுண்டு'. இங்கேதான் திண்ணை ஓரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் உள்ளே வந்தார். பேக்கரியில் ஒரு பவுண்டு ரொட்டி, லண்டனில் பவுண்டு காசு என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, "மாட்டைப் புடிச்சி அடைக்கிறதும் பவுண்டுதானே" என்றார். அவர் சின்ன வயதில் அவர்கள் வீட்டு எருமை பக்கத்துக் கொல்லையில் சோளத்தை மேய்ந்துவிட்டது. ஓட்டிக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைத்துவிட்டார்கள். இவருடைய அப்பா கையில் காசில்லாமல் இரண்டு நாள் அலைந்தார். தினம் தினம் தீனிக்காசும் சேர்ந்து ஏறுமாம். இவரும் தங்கையும் வேலிக்கு வெளியே நின்று எருமையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்களாம். மூன்றாம் நாள் ஃபைன் கட்டி மீட்டார்கள். "முடிஞ்சுது" என்றார் மாமியார், கையைத் தட்டிக்கொண்டு. நான் முக்கால் மணி நேரம் சொன்ன ஃபைன் கதையை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

வாத்தியார் ஐயா, இந்தப் பவுண்டும் அந்தப் பவுண்டும் ஒரே ஆளா?


பழைய வாத்தியார்
திங்கள், இரவு 9.48

இல்லையம்மா, மூன்று பேர். எடைப் பவுண்டு ஒருவர், மாட்டை அடைக்கும் பவுண்டு இன்னொருவர், உலக்கையால் இடிக்கிற பவுண்டு மூன்றாமவர். மாட்டுப் பவுண்டு நம்மிடம் வந்தது 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் மாதிரியான சட்டங்களோடு.

காசுப் பவுண்டு மட்டும் எடைப் பவுண்டின் பிள்ளை. ஒரு பவுண்டு எடை வெள்ளிதான் ஆதியில் ஒரு பவுண்டு பணம். அந்தப் பணத்துக்கு 1817 முதல் தங்கத்தில் அடித்த காசு 'சாவரின்', அதாவது ராஜா. நாம் பவுண்டைப் பவுன் ஆக்கினோம், சாவரினைச் சவரன் ஆக்கினோம். அந்தக் காசின் எடை 8 கிராமுக்கு ஒரு துளி குறைவு. நம் ஊர் நகைக்கடையில் முழுசாக 8 கிராம் என்று கணக்கு. எடைப் பவுண்டோ 453 கிராம் சொச்சம். பெண் வீட்டாரிடம் பத்துப் பவுன் என்று பேசிவிட்டுப் பிறகு பவுண்டு என்று சாதிக்கிற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, நல்லவேளை.


ராயக்கோட்டை தக்காளி
செவ்வாய், காலை 6.30

ஒரு ஒழுங்கில்லாத மொழியப்பா இந்த இங்கிலீஷ். கண்டக்டர் "ரைட் ரைட்" என்கிறார், டிரைவர் நேராகப் போகிறார். நம் தமிழில் இப்படியெல்லாம் உண்டா?


தளி ரோடு
செவ்வாய், காலை 7.12

தக்காளி அண்ணா, "படியில் உட்கார்ந்து படி, சொன்னபடி ஒரு படி அரிசி அளந்து வை" என்று ஒரு வெளிநாட்டுக்காரனிடம் சொல்லிப் பாருங்கள். அவன் அப்படியே விமானம் ஏறிவிடுவான். ஓடுகிற நதியும் ஆறு, எண்ணிக்கையும் ஆறு, சூடும் ஆறுகிறது. ஒகேனக்கல்லில் ஆறு பேர் ஆற்றங்கரையில் மீன் குழம்பு ஆறும்வரை உட்கார்ந்திருந்தால் நாம் யாராவது குழம்புகிறோமா?

எங்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டுக்குள்ளேயே மூன்று மொழி. எனக்கு வாய்த்த சின்னம்மா கன்னடம் பேசுகிறவர். கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் அப்பாயியிடம் வந்து, தண்ணீர் எங்கே எடுப்பது என்று கேட்பதற்காக, "பாவி எல்லி?" என்றிருக்கிறார். கன்னடத்தில் பாவி என்றால் கிணறு, தெலுங்கிலும் அதுதான். தண்ணீர்க் குடம் இடுப்பில், வாயில் பாவி. அப்பாயி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

ரைட் பற்றி: நேர் என்பதுதான் அதன் அடி. நேராக இருப்பது சரி, சரியாகச் சேர வேண்டியது உரிமை, பலமான சரியான கை வலது கை. ஆக, கண்டக்டர் சொல்லுக்கு டிரைவர் நேராகப் போவதுதான் உண்மையில் ரைட்.


மாந்தோப்பு, போச்சம்பள்ளி
செவ்வாய், பகல் 1.40

ஒரு வார்த்தை நானும் சேர்க்கிறேன், தொழில் அப்படி. 'சீசன்'. எங்களுக்குச் சீசன் என்றால் மாம்பழம்தான், மற்றதெல்லாம் வெறும் மாதம். ஆனால் என் மகள் சமையல் வீடியோவில் உப்பு, மிளகு தூவுவதை சீசனிங் என்கிறாள். தச்சர் மரத்தைச் சீசன் பண்ணணும் என்கிறார். ரயிலில் சீசன் டிக்கெட். மகளிடம் கேட்டால், விதைக்கும் காலம் என்ற லத்தீன் சொல்லாம், அதிலிருந்து பழுக்கும் காலம், பழுக்க வைப்பது, அப்புறம் ருசியேற்றுவது என்று போகிறதாம்.

எனக்கென்னவோ நம்மிடம் இதற்கு அச்சாக ஒரு ஜோடி இருக்கிறது. பருவம், பக்குவம். பருவத்தில் வந்த பெங்களூராக் காயைப் பக்குவம் பார்த்துப் பறித்தால்தான் கூழ் கம்பெனியில் எடுப்பான். மரம் பக்குவப்பட வேண்டும், சமையல் பக்குவமாக இருக்க வேண்டும், விளையாட்டில் ஊறின ஆளும் பக்குவப்பட்ட ஆள். இங்கிலீஷ்காரனும் கடைசியில் தோப்பு வழியாகத்தான் அடுப்படிக்கு வந்திருக்கிறான்.


ஷிப்ட் முடிஞ்சுது
செவ்வாய், மாலை 4.05

எல்லாரும் இங்கிலீஷையே திட்டுகிறீர்கள். நாம் தமிழில் எழுதும்போது குழப்பத்தை இரட்டிப்பாக்குகிறோம், அதைப் பேசுங்கள். "ஓசூர்ல பிளாட் வாங்கிட்டேன்" என்று நண்பன் வாட்ஸப்பில் போட்டான். வெறும் மனையா, மூன்றாவது மாடியில் வீடா? இங்கிலீஷில் இரண்டும் வேறு வேறு எழுத்து. இங்கே ஒரே பிளாட். நான் மனை என்று நினைத்து, "எத்தனை சென்ட்?" என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொண்டான். போதாக்குறைக்கு மனை என்ற அந்த பிளாட்டுக்கே கதையின் பின்னல், சதி என்று வேறு அர்த்தங்கள். ஓசூர் மனை விவகாரத்தில் சில சமயம் மூன்றும் ஒன்றுதான்.

'கேஸ்' சொல்லுங்கள். வக்கீல் கேஸ், சிலிண்டர் கேஸ், கூலிங் கிளாஸ் வைக்கிற கேஸ். "கேஸ் வந்துருச்சா?" என்று அம்மா கேட்டால் யார் பயப்பட வேண்டும், யார் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்?


தொப்பூர் கணவாய்
செவ்வாய், மாலை 4.30

அதற்குத்தான் பிள்ளைகளிடம் இந்த வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்திலேயே எழுதிக் காட்டச் சொல்கிறேன். காதால் கேட்டால் ஒன்று, கண்ணால் பார்த்தால் வேறு. வெளிச்சம் லைட் மாதிரி எழுத்தும் ஒன்றாக இருக்கிறவை மட்டும்தான் உண்மையான தொல்லை. மற்றவை நாம் வரவழைத்துக்கொண்டது.


பழைய வாத்தியார்
செவ்வாய், மாலை 5.02

தொப்பூர் பெண் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வேர் முதலிலா, பக்கத்து வீடு முதலிலா என்றால் பக்கத்து வீடுதான் முதலில். அர்த்தம் பிடிபட்ட பிறகு அது மறக்காமல் இருக்க வேர். நான் இத்தனை வருடம் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் போலிருக்கிறது.

பத்திரக்கார ஐயா, உங்கள் 'பார்ட்டி'யைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?


பத்திரக்காரர்
செவ்வாய், இரவு 8.20

பார்ட்டியா! புரோக்கருக்குக் காசு வைத்திருக்கிறவன் பார்ட்டி. எனக்கு எழுதிக்கொடுப்பவர் ஒரு பார்ட்டி, வாங்குபவர் ஒரு பார்ட்டி. இரண்டு பார்ட்டியும் சேர்ந்து பதிவு முடிந்த சாயங்காலம் கொடுப்பதும் பார்ட்டி. கட்சிக்காரர் வந்தால் அவரும் பார்ட்டி. எல்லாம் பங்கு, பிரிவு என்பதிலிருந்துதான். எனக்கு வர வேண்டிய பங்கு மட்டும் எப்போதும் பாக்கி.


தென்பெண்ணைக்காரி
புதன், இரவு 8.55

புதன்கிழமை வந்துவிட்டது, திங்கட்கிழமை படித்தது இருக்கிறதா என்று பார்க்க இன்று பரீட்சை வைத்தேன். பரவாயில்லை. 'செட்டில்' எல்லாருக்கும் வந்தது. சார்ஜில் நான்கு பேர் லத்தி சார்ஜுக்கு "தடியை ஏற்றுதல்" என்று எழுதினார்கள், மார்க் போட்டுவிட்டேன்.

குவாரிப் பெண்ணிடம் மட்டும் தனியாக, இரண்டு அர்த்தமும் வருகிற மாதிரி நீயே இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுது என்றேன். பென்சிலைக் கடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். எழுதியதை அப்படியே தருகிறேன்: "தி லெப்பர்ட் லெஃப்ட் இட்ஸ் குவாரி இன் தி குவாரி." சிறுத்தை தன் இரையைக் கல்குவாரியில் போட்டுவிட்டுப் போனது.

கூட்டிப்போக வந்த அவள் அப்பாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். டிப்பரை ஓரம் கட்டிவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே கவனமாகக் கேட்டார். மகளை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"சரிங்க டீச்சர், அது லெஃப்ட்ல போச்சுன்னா, ரைட்ல என்ன இருந்துது?"